திங்கட்கிழமை குத்திய ஊசி

அத்தியாயம் 11

பிரஷாந்தினி ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்று போன வாரம் முழுக்க என்னைத் திட்டித் தீர்த்துவிட்டீர்கள். ஹாலி-எலயிலிருந்து ஒரு வாசகி, "அந்தப் பெண்ணுக்கு நாக்கு இருக்கிறதா, இல்லையா?" என்று ஒரே வரியில் அஞ்சலட்டை போட்டிருந்தார். இருக்கிறது அம்மா. ஆனால் பக்கத்தில் புருஷனின் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெமோதரைக்குக் கீழே மூடிக்கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையை, அதாவது ஸ்டோரை, 'பசுங்கொடி சுற்றாடல் சேவை' என்ற கம்பனி எடுத்திருக்கிறது. பதுளைக் கடைகளிலும் எல்லப் பக்கத்து ஹோட்டல்களிலும் சேரும் குப்பை அங்கே வந்துதான் தரம் பிரிகிறது. மேற்பார்வையாளன் விஜேந்திரன். அவன் தம்பி அஜந்தன் அங்கே ஒரு தொழிலாளி. திங்கட்கிழமை காலை அஜந்தன் காய்ச்சல் என்று படுத்துவிட, அவன் பெயருக்கு அவன் மனைவி பிரஷாந்தினி வேலைக்குப் போனாள்.

தேயிலைத் தோட்டத்தில் இது ஒரு குற்றமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கும்போது தாய் எடுத்தது, மகள் எடுத்தது எல்லாம் ஒரே பெயரில்தான் தராசுக்குப் போகும். பெயருக்கு ஓர் ஆள் வந்தால் போதும். விஜேந்திரனும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவன்தானே. காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதை இன்னும் 'பெரட்டு' என்றுதான் சொல்கிறான். "அஜந்தன்!" என்று கூப்பிட்டான். "வந்திருக்கு" என்றாள் அவள். அவனும் புத்தகத்தில் சரி போட்டுக்கொண்டான். அஜந்தனுக்குக் கொடுத்த பயிற்சி அவளுக்குக் கொடுக்கப்படவில்லை, அஜந்தனுக்குக் கொடுத்த தடித்த கையுறை அவள் கைக்கு நிற்கவில்லை என்பதெல்லாம் மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பத்தரை மணித் தேத்தண்ணிக்கு மணி அடிக்கும்போது, கறுப்புப் பை ஒன்றைக் கிழித்த பிரஷாந்தினியின் வலது உள்ளங்கையில் ஊசி ஏறியது. சிரிஞ்சோடு இருந்த ஆஸ்பத்திரி ஊசி. விஜேந்திரன்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். போய், அவள் வாயைத் திறக்கும் முன்பே "வீட்ல கோழிக்கூட்டுக் கம்பி குத்திருச்சு" என்று சொன்னான். அங்கே டெட்டனஸ் வராமல் ஏற்பு ஊசி போட்டு அனுப்பினார்கள். கம்பி என்று சொன்னால் கம்பிக்குத்தானே மருந்து தருவார்கள்?

இன்று வியாழக்கிழமை.

*

காலை ஏழு மணிக்குப் பிரஷாந்தினி இரவல் வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக் காம்பிராவுக்குப் போனாள். லயத்தில் நடுவில் இருப்பது ஒரே சுவர். இந்தப் பக்கம் தம்பி குடும்பம், அந்தப் பக்கம் அண்ணன் குடும்பம். ஆண்கள் இரண்டு பேரும் ஆறு மணிக்கே இறங்கிவிட்டார்கள்.

விஜேந்திரனின் மனைவி விஜயலெட்சுமி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சட்டிய வச்சிட்டுப் போ. இன்னிக்கு ரோட்டுப் பக்கம் தல காட்டாத. கொழும்பு மிஸ் ஸ்டோர செக் பண்ண வாராங்களாம்."

"எனக்கென்னக்கா வந்துச்சு? நான்தான் அங்க வேலையே செய்யலன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களே."

"வாய் மட்டும் நல்லா நீளுது. எம்புருஷன் இல்லாட்டி ஒம்புருஷனுக்கு ஏது வேல? ஒரு ஊசி குத்துனதுக்கு மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. மலையில என்னய எத்தன தடவ குளவி கொட்டியிருக்கு தெரியுமா?"

"குளவி கொட்டுனப்போ குளவி கொட்டுச்சுன்னுதானக்கா டொக்டர்கிட்ட சொன்னீங்க?"

 ரொட்டி மேல் விழுந்த அடியின் சத்தம் மட்டும் கூடியது.

பிரஷாந்தினி சட்டியைக் கவிழ்க்கத் தட்டுப் பலகைப் பக்கம் போனாள். பலகையில் மினுமினுவென்று தடித்த தாள் விரித்திருந்தது. அதன் மேல் பருப்பு டின், சீனி டின், இரண்டு பானைகள். பருப்பு டின்னுக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'ஊசி குத்தி' என்பது மட்டும் தெரிந்தது. மீதி டின்னுக்கு அடியில் இருந்தது.

அவள் டின்னை நகர்த்தினாள்.

'ஊசி குத்தினால் கசக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவவும். எந்தப் பையிலிருந்து வந்தது என்பதைக் கவனிக்கவும். உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று நடந்ததை உள்ளபடி சொல்லவும். நோய் தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பலன் உண்டு.'

கீழே கம்பனியின் முத்திரை இருந்தது.

எனக்கு இந்த விஜேந்திரனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது உங்களுக்கும் வரும். ஸ்டோர் சுவரில் ஒட்டத் தலைமை அலுவலகம் மூன்று மொழியிலும் அறிவித்தல் அச்சடித்து அனுப்பியிருந்தது. சிங்களமும் இங்கிலிஷும் சுவரில் ஏறின. தமிழ்க் கட்டு, "நம்ம ஆளுகளுக்குத்தான் எல்லாருக்கும் சிங்களம் தெரியுமே" என்று வீட்டுக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் கொண்டக்டரோடு சண்டை போடுகிற அளவுக்கு எல்லாருக்கும் சிங்களம் தெரியும்தான். படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர்.

"அக்கா, இது எப்ப இருந்து இங்க கெடக்கு?"

"எது, அந்தப் பேப்பரா? தைப்பொங்கலுக்கு அவரு கொண்டாந்தாரு. கறை புடிக்காதுன்னு. ஏன், ஒனக்கும் வேணுமா?"

"நீங்க இதப் படிக்கவே இல்லையா?"

"படிக்கவா விரிச்சேன்? டின்னு வைக்க விரிச்சேன்."

பிரஷாந்தினி விரலை மடக்கினாள். திங்கள் பத்தரை. செவ்வாய் பத்தரை ஒரு நாள். புதன் இரண்டு. இன்றைக்குப் பத்தரையோடு மூன்று நாள், எழுபத்திரண்டு மணித்தியாலம். சுவர் மணிக்கூட்டில் ஏழு பத்து.

தாளைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். பானை உருண்டது. பருப்பு டின் விழுந்து திறந்து, அடுப்படி முழுக்கச் சிதறியது.

"பைத்தியமாடி ஒனக்கு?" விஜயலெட்சுமி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். பிடித்தது ஊசி குத்திய கை. "பருப்ப அள்ளி வச்சிட்டுப் போ!"

"கைய விடுங்கக்கா. நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"போயி என்னான்னு சொல்லப் போற?"

"குத்துனத குத்துனதுன்னு சொல்லப் போறேன்."

"சொன்னா ஸ்டோர மூடிருவான். பதினஞ்சு பேர அவருதான் கெஞ்சிக் கூத்தாடி உள்ள போட்டாரு. தோட்டத்துல வேலையில்லாம நின்னவங்க. நீ ஒருத்தி வாயத் தொறந்து பதினஞ்சு அடுப்பயும் அவிக்கப் போறியா?"

"எனக்கு ஒரு நோய் வந்துச்சுன்னா?"

"வந்தாப் பாத்துக்கலாம்!"

விஜயலெட்சுமி கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் நோய் வந்த பிறகு யாரிடம் போய்ப் பார்த்துக்கொள்வது? பிரஷாந்தினி கையை உதறிக்கொண்டாள். தாளை நாலாக மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, பருப்பை மிதித்தபடியே வெளியே வந்தாள்.

*

நேரே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எந்தப் பையிலிருந்து ஊசி வந்தது என்று தாளில் போட்டிருந்ததே. அவளுக்குப் பையின் நிறம்தான் தெரியும், யாருடைய பை என்று தெரியாது. ஸ்டோரில் கேட்டால்தான் தெரியும். அதோடு, புருஷன் தன் கூட வந்து நிற்பான் என்று அப்போதும் நம்பினாள்.

எட்டே காலுக்கு அவள் ஸ்டோர் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். உள்ளே பதினைந்து பேரும் வரிசையில் நின்றார்கள். முன்னால் சுவரில் ஒரு பலகை: 'விபத்தில்லாத நாட்கள் 214'. விஜேந்திரன் தினமும் காலையில் தன் கையால் அழித்து எழுதுகிற எண் அது. அதற்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள் பாதுகாப்பு அதிகாரி ரிஸ்கா. கொழும்பு மிஸ் என்று எல்லாரும் சொன்னாலும் வெலிமடைப் பெண்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு ஃபாரம் நிரப்பி, ஒரு படம் எடுத்துக்கொண்டு போவாள்.

"இந்தக் காலாண்டில எந்த விபத்தும் இல்லைன்னு எல்லாரும் கையெழுத்து வைக்கணும்" என்று ரிஸ்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அஜந்தன் குனிந்து கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோதுதான் மனைவியைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

விஜேந்திரன் முந்திக்கொண்டான். "ஒண்ணுமில்ல மிஸ். தம்பி பொஞ்சாதி. சோறு கொண்டாந்திருக்கு. ஏய், வெளிய நில்லு, இங்க தொப்பி இல்லாம வரக் கூடாது."

"சோறு கொண்டு வரல மாமா." புருஷனின் அண்ணனை மாமா என்றுதான் அவள் கூப்பிடுவாள். "திங்கக்கிழம தொப்பி இல்லாமத்தான் எட்டு மணியில இருந்து நின்னேன். அப்ப சொல்லலயே?"



ரிஸ்கா புத்தகத்தைப் புரட்டினாள். "திங்கள் இவங்க பேரு இல்லையே. அஜந்தன்னுதான் இருக்கு. அஜந்தன், திங்கள் நீங்க வேலைக்கு வந்தீங்களா?"

அஜந்தன் அண்ணனைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"வந்தேன் மிஸ்."

"இவங்க?"

"அவ... வீட்ல இருந்தா."

எனக்கே இந்த இடத்தை எழுதக் கை கூசுகிறது. பிரஷாந்தினிக்கு எப்படி இருந்திருக்கும்? அவள் அழவில்லை. அணைத்திருந்த தாளை மேசையில் விரித்தாள். அதில் டின் வைத்த வட்டக் கறைகள் இருந்தன.

"மிஸ், இது நீங்க குடுத்ததா?"

ரிஸ்கா தாளைப் பார்த்தாள், விஜேந்திரனைப் பார்த்தாள். "கூரை ஒழுகி நனைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே?"

"அது வந்து மிஸ்..."

"இவரு வீட்டு அடுப்படியில காஞ்சு போயித்தான் கெடந்துச்சு" என்றாள் பிரஷாந்தினி. "கறுப்புப் பை மிஸ். வாய நீலக் கயித்தால கட்டியிருந்துச்சு. உள்ள பஞ்சு, பிளாஸ்டர், ரப்பர் டியூப்பு. மூணாவது மேசையில. அத யாரு அனுப்புனதுன்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிர்றேன்."

"பொய் மிஸ்! வீட்ல கோழிக்கூட்டுக் கம்பி குத்துனத வச்சிக்கிட்டு நடிக்கிறா. நட்டஈடு கேக்கப் பாக்குறா."

"அந்தப் புள்ள பொய் சொல்லல."

சொன்னது றஷீதா. மூன்றாவது மேசையில் வேலை செய்கிறவள், நாற்பது வயது, வாயே திறக்காத பெண். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் குரல் இறங்கியது. "என் பக்கத்துலதான் நின்னுச்சு. நீலக் கயிறு பை டவுன்ல இருக்கிற பிரைவேட் கிளினிக் பை. ரெண்டு மாசமா வருது."

ரிஸ்கா எழுந்துவிட்டாள். "கிளினிக் குப்பையா? அத எடுக்க நமக்கு அனுமதியே இல்ல! யாரு ஏத்தினது?"

"மெனேஜர் ஏத்தச் சொன்னாரு, ஏத்துனேன்" என்று கத்தினான் விஜேந்திரன். "நான் என்ன எங்க அப்பன் வீட்டு ஸ்டோரா நடத்துறேன்? மாட்டேன்னா வேற ஆளப் போடுவான். இந்தப் பதினஞ்சு பேரும் மறுபடி லயத்துல குந்தியிருக்கணும். நீங்க மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து போட்டோ எடுத்துட்டுப் போவீங்க. மத்த நாளு இங்க நிக்கிறது நான்!"

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்தக் கோபத்தை ரிஸ்கா பிரஷாந்தினி மேல் காட்டினாள். "நீங்களும் பிழைதான் செஞ்சிருக்கீங்க. பயிற்சி இல்லாம, இன்னொருத்தர் பேருல உள்ள வந்திருக்கீங்க. நான் இத எப்பிடி ரிப்போர்ட்ல எழுதுறது?"

"எப்பிடி வேணும்னாலும் எழுதுங்க மிஸ். என்னயவும் சேத்து எழுதுங்க. ஆனா பத்தரைக்கு முன்னுக்கு நான் டொக்டர் முன்னால நிக்கணும். ஒங்க பேப்பர்லதான் போட்டிருக்கு."

ரிஸ்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நாற்பது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் முழுதாக விளங்கியது போலிருந்தது. கையெழுத்து வாங்கிய ஃபாரத்தைக் கிழித்தாள். ஒரு துண்டுத் தாளில் டொக்டருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தாள்.

"யாரும் அந்த மேசையத் தொடாதீங்க. மெஷின நிப்பாட்டுங்க. நான் இங்க இருந்து ஆஸ்பத்திரிக்கு ஃபோன் கோல் எடுக்கிறேன். வண்டி எது நிக்குது?"

"லொறி மட்டுந்தான். அது டவுனுக்கு லோட் எடுக்கப் போகுது. கண்டவங்கள ஏத்த முடியாது" என்று விஜேந்திரன் வாசலை மறித்து நின்றான்.

லொறி டிரைவர் புஹாரி பீடியைக் காலில் நசுக்கி, சாவியை ஆட்டிக் காட்டினார். "திறப்பு எங்கிட்ட இருக்கு விஜேந்திரன். நீங்க தள்ளி நிண்டாப் போதும்."

லொறி நகரும்போது விஜேந்திரன் தம்பியின் தோளைப் பிடித்துக் காதில் ஏதோ சொன்னான். அஜந்தன் ஓடிவந்து கதவைத் திறந்து ஏறிக்கொண்டான்.

*

லொறியில் மூன்று பேர். நடுவில் அஜந்தன். பிரஷாந்தினி ஜன்னல் பக்கம் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஒங்கள யாரு வரச் சொன்னா?"

"நானும் வாரேன்."

"எதுக்கு? டொக்டர்கிட்டயும் நான் வீட்ல இருந்தேன்னு சொல்லவா?"

புஹாரி ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். நல்ல மனிதர், காது கேட்காதது போல் இருக்கத் தெரிந்தவர்.

ஹாலி-எலக்கு முன்னால் மண் சரிந்த இடத்தில் ரோட்டு வேலை. சிவப்புக் கொடி. எதிர்ப் பக்கத்து வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன. ஒன்பது ஐந்து. ஒன்பது இருபது. பிரஷாந்தினி கதவைத் திறந்து இறங்கப் போனாள்.

"நடந்து போனா மத்தியானம் ஆவும் புள்ள. ஏறு" என்றார் புஹாரி.

"பிரஷா, ஒண்ணும் ஆகாது" என்றான் அஜந்தன் மெதுவாக. "அண்ணன் சொன்னிச்சு. குத்துனதெல்லாம் நோயா வராதாம். திரும்பிப் போயிரலாம். மிஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"ஒங்கண்ணன் டொக்டரா?"

"இல்ல, ஆனா..."

"மிஸ்கிட்ட என்னா பேசுவீங்க? காலையில பேசுன மாதிரியா? அத்தன பேர் முன்னால என்னய பொய்க்காரியாக்கிட்டு இப்ப பக்கத்துல குந்திக்கிட்டு வாரீங்க. வெக்கமா இல்ல?"

கொடி பச்சையானது. புஹாரி முன்னால் நின்ற வான் வண்டியை ஒதுக்கிவிட்டு லொறியை விட்ட வேகத்தில், பின்னாலிருந்து யாரோ சிங்களத்தில் அவருடைய பரம்பரையையே விசாரித்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ஒன்பது ஐம்பத்தைந்து.

ரிஸ்கா ஏற்கெனவே பேசியிருந்ததால் பிரஷாந்தினியை வரிசையில் நிறுத்தவில்லை. உள்ளே இருந்த டொக்டர் அம்மா சின்ன வயதுக்காரி. ரிஸ்காவின் துண்டுத் தாளைப் படித்தார். திங்கட்கிழமை எழுதிய அட்டையையும் படித்தார். புருவம் ஏறியது.

"இதில் கம்பி என்று இருக்கிறதே?"

"பொய் டொக்டர். ஊசி. கிளினிக் ஊசி. நான் குப்ப பிரிக்கிற எடத்துல வேல செஞ்சேன். எம்புருஷன் பேருல."

"அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தொடங்கியிருப்போம். எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஊசி குத்திய எல்லாருக்கும் எச்.ஐ.வி. தொற்று வருவதில்லை. பெரும்பாலும் வராது. அதற்காக விட்டுப் பார்க்க முடியுமா?"

"மூணு நாளா விட்டுத்தான் டொக்டர் பாத்துக்கிட்டிருந்தாங்க."

டொக்டர் அதற்கு மேல் ஏசவில்லை. இரத்தம் எடுக்கச் சொன்னார். மாத்திரையை எப்படிக் குடிப்பது, வாந்தி வந்தால் என்ன செய்வது, இருபத்தெட்டு நாளில் ஒரு நாளும் விடக் கூடாது என்பதையெல்லாம் இரண்டு தடவை சொன்னார். தாதி ஒரு கப்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பத்து இருபதுக்குப் பிரஷாந்தினி முதல் மாத்திரையை விழுங்கினாள். தொண்டையில் நின்றது. இன்னும் ஒரு மிடறு குடித்து இறக்கினாள்.

 

"எழுபத்திரண்டு மணித்தியாலம் தாண்டினால் இந்த மாத்திரை கொடுப்பதில்லை" என்று டொக்டர் அட்டையில் எழுதிக்கொண்டே சொன்னார். "நல்ல வேளை வந்தீர்கள்."

"எட்டு நாளு ஆயிருந்தா டொக்டர்?"

கேட்டது அஜந்தன். கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

டொக்டர் பேனாவை வைத்தார். "யாருக்கு எட்டு நாள்?"

அவன் இடது கையை நீட்டி விரித்தான். கட்டைவிரலுக்குக் கீழே கறுத்த புள்ளி ஒன்று. "போன புதன்கிழம. அதே நீலக் கயிறு பை."

"மாத்திரைக் காலம் போய்விட்டது. ஆனால் இரத்தம் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஈரல் நோய்க்கான தடுப்பூசியாவது போடலாம். இப்படி உட்காருங்கள்."

அவன் உட்காரவில்லை. மனைவியைப் பார்த்தபடி நின்றான். அவள் அந்தப் புள்ளியையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கணக்கு விளங்கியது. புதன் குத்தியிருக்கிறது. வியாழன், வெள்ளி, சனி எப்படியோ வேலை செய்திருக்கிறான். திங்கள் காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, 'நீ போயிட்டு வா' என்றான்.

"திங்கக்கிழம ஒங்களுக்குக் காய்ச்சல் இல்ல."

"இல்ல" என்றான். "பயம். அந்தப் பையத் தொடப் பயமா இருந்துச்சு."

"பயந்து என்னய அனுப்புன."

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்று சொன்ன வாய். அதை அவளும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை.

"அண்ணன் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னிச்சு பிரஷா. சத்தியமா. ஒனக்கு எதுவும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"ஒண்ணும் ஆகாதுன்னா நீயே போயிருக்கலாமே?"

அவன் சுவரோரமாகக் குந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பிரஷாந்தினி கிட்டப் போகவில்லை. போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவுமில்லை. எனக்கும் இன்றைக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை, அடுத்த வாரம் வருகிறதா பார்க்கலாம்.

டொக்டர்தான் பேசினார். "அந்தப் பை இரண்டு மாதமாக வருகிறதென்று உங்கள் மிஸ் ஃபோனில் சொன்னாரே, வேறு யாருக்கும் குத்தவில்லையா?"

அஜந்தன் முகத்தைத் துடைத்தான். "இன்னும் மூணு பேருக்கு. அண்ணன் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு சொல்லிருச்சு. ரெண்டு பேருக்கு மாசக் கணக்காச்சு. ஒருத்தருக்கு மட்டும்..."

"யாருக்கு? எப்ப?" என்றாள் பிரஷாந்தினி.

"றஷீதாக்காவுக்கு. நேத்து மத்தியானம்."

தன் பக்கம் நின்று பேசிய ஒரே பெண். நேற்றுக் குத்தியதை மறைத்துக்கொண்டு, இவளுக்குக் குத்தியதை மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டவள். பிரஷாந்தினி அஜந்தனின் சட்டைப் பையிலிருந்து ஃபோனை உருவி, ரிஸ்காவின் எண்ணை அவனிடம் கேட்டு அழுத்தினாள்.

"மிஸ், றஷீதாக்காவ ஒடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. அவங்களுக்கும் குத்தியிருக்கு, நேத்து. கேள்வியெல்லாம் பொறகு கேட்டுக்கலாம்."



"றஷீதா இங்க இல்லையே" என்றாள் ரிஸ்கா. "தலை சுத்துதுன்னு சொன்னாங்க. விஜேந்திரன் வீட்டுல விடுறேன்னு பைக்ல ஏத்திக்கிட்டுப் போனாரு. அரை மணித்தியாலமாச்சு. ரெண்டு பேருக்கும் கோல் எடுத்தேன், ரெண்டு ஃபோனும் ஓஃப்."

பிரஷாந்தினி ஃபோனை இறக்கினாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எந்திரி. ரத்தத்தக் குடுத்துட்டு வா. ஒங்கண்ணன் அந்தப் பொம்பளைய எங்க கொண்டு போயிருப்பான்னு நீதான் காட்டணும்."